குற்றமும் ஊரின் செழிப்பும்: தென் இத்தாலியின் அனுபவம்

ஓர் ஊரின் பொருளாதார நிலையைக் குற்றம் எவ்வாறு பாதிக்கிறது என்று கேட்டால், பெரும்பாலோர், களவு போன பொருளின் மதிப்பையும், காவலுக்கும் நீதிமன்றத்துக்கும் சிறைச்சாலைக்கும் ஆகும் செலவையும், உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் அடையும் நஷ்டத்தையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்லிவிட்டு, கணக்கு முடிந்துவிட்டதென்று கருதுவார்கள். வேறு சிலர், பறிக்கப்பட்ட பணமும் யாரோ ஒருவர் கையிலிருந்து செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது, ஆகவே சமூகம் முழுவதையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் பொருள் கைமாறிற்றேயன்றி அழிந்துவிடவில்லை என்று வாதிப்பார்கள். இவ்விரு சாராரும் கண்ணுக்குப் புலனாகும் பொருளை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கின்றனர். விளைந்த நெல்லில் எலி தின்றது எவ்வளவு என்று அளந்துவிடலாம். எலிக்கு அஞ்சி விதைக்காமலே தரிசாக விடப்பட்ட வயலின் விளைச்சலை எந்த மரக்காலால் அளப்பது? குற்றத்தினால் ஓர் ஊர் அடையும் நஷ்டத்தில் மிகப் பெரிய பகுதி, நடந்த காரியங்களில் இல்லை. நடந்திருக்க வேண்டியதும் நடவாமற்போனதுமாகிய காரியங்களிலேயே இருக்கிறது என்பதைத் தென் இத்தாலியின் வரலாற்றைக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தென் இத்தாலியைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. குற்றக் கூட்டங்கள் இல்லாத தேசம் உலகில் அரிது. எனினும், அக்கூட்டங்களைப் பற்றி நூற்றைம்பது ஆண்டுகளாகப் பாராளுமன்ற விசாரணைகளும், நீதிமன்ற ஆவணங்களும், புள்ளிவிவரங்களும் இடைவிடாது சேர்ந்துவந்திருக்கும் தேசம் இத்தாலியைப் போல் வேறொன்று இருப்பதாகச் சொல்வது கடினம்.

அபூலியாவும் பஸிலிக்காட்டாவும்

1861-ஆம் ஆண்டில் இத்தாலி ஒரே ராஜ்யமாக ஐக்கியமடைந்த காலத்தை ஒட்டியே, சிசிலியில் மாஃபியா, நேப்பிள்ஸைச் சூழ்ந்த கம்பானியாவில் கமோரா, கலாப்ரியாவில் ந்த்ராங்கெட்டா என்னும் கூட்டங்கள் வேர்கொண்டுவிட்டன. ஆனால், அவற்றுக்கு அண்டைப் பிரதேசங்களாகிய அபூலியாவும் பஸிலிக்காட்டாவும், 1970-களின் இடைப்பகுதி வரையில் இத்தொல்லைக்குப் பெரும்பாலும் புறம்பாகவே இருந்தன. வறுமை அங்கேயும் இருந்தது. எனினும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அவை சீராக முன்னேறிக்கொண்டிருந்தன. அதன் பிறகு நிலைமை மாறிற்று. சிகரெட்டுக் கள்ளக்கடத்தலின் மார்க்கம் மேற்குக் கரையிலிருந்து ஆட்ரியாட்டிக் கரைக்குத் திரும்பியது. பிற பிரதேசத்துக் குற்றவாளிகள் அங்குள்ள சிறைகளுக்கு மாற்றப்பட்டு, உள்ளூர்ப் போக்கிரிகளுக்குக் கூட்டமாக இயங்கும் வித்தையைக் கற்பித்தனர். 1980-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி நிகழ்ந்த பெரும் பூகம்பத்துக்குப் பின், புனர்நிர்மாணத்துக்கென்று சர்க்கார் கொட்டிய பெருநிதி, கமோராவின் கண்ணை அத்திசையில் திருப்பிற்று. 1980-களின் தொடக்கத்தில், அபூலியாவின் சிறைச்சாலைக்குள்ளேயே, சாக்ரா கொரோனா உனிட்டா என்னும் புதிய கூட்டம் ஒன்று தோன்றியது.

பவுலோ பினோட்டி என்னும் இத்தாலியப் பொருளாதார அறிஞர், இக்கூட்டங்கள் வாராதிருந்திருந்தால் இவ்விரு பிரதேசங்களும் எந்நிலையை எய்தியிருக்கும் என்ற வினாவை எழுப்பிக்கொண்டார். நடவாத ஒன்றை அளப்பதற்கு அவர் கைக்கொண்ட முறை, ஸ்பெயின் தேசத்துப் பாஸ்க் நாட்டில் பயங்கரவாதத்தினால் ஏற்பட்ட நஷ்டத்தைக் கணக்கிடும்பொருட்டு, அபாடீ, கார்டியாஸபால் என்னும் இரு அறிஞர்கள் 2003-இல் வெளியிட்ட முறையாகும். பாதிக்கப்பட்ட பிரதேசத்தோடு எல்லா வகையிலும் ஒத்த பிரதேசம் ஒன்று எங்கும் கிடைப்பதில்லையாதலால், பாதிக்கப்படாத பல பிரதேசங்களைத் தக்க விகிதத்தில் சேர்த்து, பாதிப்புக்கு முந்திய ஆண்டுகளில் அதே கதியில் வளர்ந்துவந்த கற்பனைப் பிரதேசம் ஒன்றை அமைத்துக்கொண்டு, பிந்திய ஆண்டுகளில் இரண்டும் எவ்வளவு பிரிந்துபோயின என்று பார்ப்பது அதன் சாரம். அவ்வாறு ஒப்பிட்டபோது, அபூலியாவுக்கு வடக்கே கிடக்கும் அப்ருட்ஸோ, மோலிஸே என்னும் பிரதேசங்களே சரியான இணையாக வாய்த்தன. 2015-இல் வெளியான அவருடைய முடிவின்படி, குற்றக் கூட்டங்களின் வரவினால், ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலத்தில், தலைக்கு விழும் உற்பத்தி 16 சதவீதம் குறைந்துபோயிற்று.

காவல் செய்யும் அரசனுக்குக் குடிகள் இறுக்கும் இறை விளைவில் ஆறில் ஒரு பங்கு என்று நம் முன்னோர் வகுத்தனர். இவ்விரு பிரதேசங்களின் குடிகளோ, ஏறக்குறைய அதே ஆறில் ஒரு பங்கை, காவலைப் பெறுவதற்காக அல்லாமல், காவலை இழந்ததனால் ஆண்டுதோறும் இழந்திருக்கின்றனர்.

இந்த முடிவைக் கண்டதும் நியாயமான ஆட்சேபம் ஒன்று எழும். உற்பத்தி உண்மையில் குறைந்ததா, அல்லது கணக்கில் வாராத கள்ளத் தொழில்களுக்கு இடம் மாறிற்றா என்பதே அது. கள்ளத் தொழிலாயினும் யந்திரம் ஓடவும் விளக்கு எரியவும் மின்சாரம் வேண்டும் அன்றோ? மின்சாரச் செலவைக் கொண்டு சோதித்துப் பார்த்தபோதும் அதே பின்னடைவு புலப்பட்டது. ஆகவே, செல்வம் மறைந்துகொள்ளவில்லை, தோன்றாமலே போயிற்று என்பது தெளிவு. அதன் காரணத்தையும் அவ்வாராய்ச்சி சுட்டுகிறது: தனியார் தங்கள் முதலைத் தொழிலில் இடுவதினின்றும் பின்வாங்கினர், அவ்விடத்தைச் சர்க்கார் முதலீடு நிரப்பிற்று, ஆனால் அம்முதலீடு தனியார் முதலைப் போலப் பலன் தரவில்லை.

எலுமிச்சைத் தோட்டங்கள்

முதல் எவ்வாறு அஞ்சிப் பின்வாங்குகிறது என்பதை அறிய, மாஃபியா பிறந்த இடத்துக்கே செல்ல வேண்டும். அது வறண்ட மலைநாட்டிலே, பசித்த ஜனங்களிடையே பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், பலெர்மோ நகரைச் சூழ்ந்த, பொற்கிண்ணம் என்று பொருள்படும் பெயரையுடைய கோன்கா தோரோச் சமவெளியின் எலுமிச்சைத் தோட்டங்களும் அதன் தொட்டில்களுள் ஒன்றாகும். மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சைச் சாறு மருந்தாகும் என்பதைக் கடற்படை வைத்தியர் ஜேம்ஸ் லிண்ட் 1747-இல் சோதித்துக் காட்டினார். 1795 முதல் பிரிட்டிஷ் கடற்படை அதைத் தன் கப்பல்களில் வழங்கத் தொடங்கியது. அதனால் சிசிலியின் எலுமிச்சைக்கு உண்டான கிராக்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கச் சந்தையும் திறந்துகொண்டபோது மேலும் பெருகிற்று. 1880-களில் நடந்த பாராளுமன்ற விசாரணையின் விவரங்களை ஆராய்ந்த டிமிகோ, இஸோபி, ஓல்ஸன் என்னும் அறிஞர்கள், எலுமிச்சை மிகுதியாக விளைந்த ஊர்களிலேயே மாஃபியாவும் மிகுதியாக இருந்ததைக் கண்டனர். கந்தகச் சுரங்கங்கள் நிறைந்த ஊர்களைப் பற்றியும் இத்தகைய முடிவே வேறோர் ஆராய்ச்சியில் கிட்டியது.

இதன் நியாயம் எளிது. எலுமிச்சைத் தோட்டம் போடுகிறவன், சுற்றுமதில் எழுப்பி, கிணறு தோண்டி, நீர் இறைக்க ஏற்பாடு செய்து, கன்று நட்டு, காய்ப்புக்காகப் பல ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். அவ்வளவு முதலும் பொறுமையும் இட்ட பிறகு, முற்றிய காயை ஓரிரவிலே பறித்துச் சென்றுவிடலாம். நீரை நெடுநாள் மறித்தால் மரமே பட்டுப்போகும். இத்தகைய சொத்துக்குக் காவல் தர வேண்டிய புதிய ராஜாங்கமோ, தூரத்திலிருந்தது, பலவீனமாயிருந்தது, ஜனங்களின் நம்பிக்கையையும் பெறவில்லை. அந்த இடைவெளியிலே, காவல் காப்பவனும் களவாடுபவனும் ஒருவனேயாகிய ஒரு புதிய ஜாதி மனிதர் தலையெடுத்தனர்.

கஸ்பாரே கலாட்டி என்னும் அறுவைச் சிகிச்சை வைத்தியரின் வரலாறு இதற்குச் சாட்சி. பலெர்மோவின் அருகே, ஏறக்குறைய நான்கு ஹெக்டேர் பரப்பும், நீராவி யந்திரத்தால் நீர் இறைக்கும் வசதியும் கொண்ட தோட்டம் ஒன்றின் நிர்வாகம் 1872-இல் அவரிடம் வந்தது. காவற்காரன் விளைச்சலில் ஒரு பகுதியைத் தனதாக்கிக்கொண்டதோடு, தோட்டத்தின் பெயரைக் கெடுத்து அதை மலிவு விலைக்குக் கைப்பற்றவும் முயல்கிறான் என்பதைக் கண்டு, அவர் அவனை விலக்கினார். புதிதாக அமர்த்திய காவற்காரன் சுடப்பட்டு இறந்தான். மிரட்டல் கடிதங்கள் வந்தவண்ணம் இருந்தன. போலீசாரிடம் முறையிட்டும் பயனில்லை. 1875-இல் அவர் தோட்டத்தையும், தொழிலையும், நண்பர்களையும் துறந்து, குடும்பத்தோடு நேப்பிள்ஸுக்குக் குடிபெயர்ந்தார். அறிவும், கல்வியும், நவீன யந்திரமும் உடைய ஒருவரை ஊர் இழந்தது. அவருடைய இடத்தைப் பிடித்துக்கொண்டவனுக்கோ, மரத்தை வளர்ப்பதைக் காட்டிலும் மனிதரை அச்சுறுத்துவதே லாபம் தரும் தொழிலாயிற்று. அடுத்த ஆண்டே சிசிலிக்குச் சென்று விசாரணை நடத்திய லியோபோல்டோ பிராங்கெட்டி என்னும் அறிஞர், அத்தீவில் பலாத்காரம் ஒரு கைத்தொழிலாகவே நடைபெறுகிறது என்ற முடிவுக்கு வந்தார்.

பிறகு 1893-இல் கடும் வறட்சி வந்தது. வயிற்றுக்கில்லாத குடியானவர்கள், பாஷி என்னும் சங்கங்களாகத் திரண்டு, குத்தகை நிபந்தனைகளைத் திருத்தக் கோரினர். அவர்களை ஒடுக்குவதற்கு நிலச்சுவான்தார்களும் பெருங்குத்தகைதாரர்களும் மாஃபியாவின் உதவியை நாடினர். அதனால், முன்பு அது இல்லாதிருந்த ஊர்களுக்கும் பரவியது. அசெமோக்ளு, டி பியோ, டி லூகா என்னும் அறிஞர்கள், வறட்சியின் கடுமையை அளவுகோலாகக் கொண்டு இதனை ஆராய்ந்து, 1900-இல் மாஃபியா வேரூன்றியிருந்த ஊர்களில், பின்வந்த பத்தாண்டுகளில் எழுத்தறிவும் பொது வசதிகளும் தேர்தற் போட்டியும் குன்றிப்போயின என்று காட்டியிருக்கின்றனர். பள்ளிக்கூடத்தைக் கொளுத்தியவர் எவருமில்லை. பள்ளிக்கூடம் வேண்டுமென்று கேட்கக்கூடிய குரல் அடக்கப்பட்டது, அவ்வளவே. விளைவோ, ஒரு தலைமுறையில் பலர் எழுத்தறியாமல் வளர்ந்ததுதான்.

மாமூலின் கணக்கு

இருபதாம் நூற்றாண்டில், தோட்டத்திலிருந்து நகரத்துக் கடைத்தெருவுக்கு வந்த இக்கூட்டம், ஒவ்வொரு கடைக்கும் பட்டறைக்கும் மாமூல் விதித்தது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் போன்ற பண்டிகைகளை ஒட்டி வசூலிப்பது வழக்கம். கொடுக்க மறுப்பவன், மறுநாட் காலையில் தன் கடைப் பூட்டின் துவாரத்தில் பசை ஊற்றி அடைக்கப்பட்டிருப்பதைக் காண்பான். அதையும் பொருட்படுத்தாவிட்டால் தீ. சிசிலியில் இவ்வாறு வசூலாகும் தொகை, அத்தீவின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலே என்று அஸ்முண்டோ, லிஷாந்த்ரா என்னும் ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டனர். பிரதேசம் வேறாயினும், அபூலியாவிலும் பஸிலிக்காட்டாவிலும் கண்ட 16 சதவீதத்தோடு இதை ஒருங்கே வைத்துப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை புலப்படாமற் போகாது: குற்றம் எடுத்துச் செல்வது சிறிது, முளைக்கவிடாமற் செய்வது அதைப் போலப் பன்மடங்கு.

இது எவ்வாறு நிகழ்கிறது? முதலாவது, மாமூலின் சுமை எல்லார்மேலும் ஒன்றுபோல் விழுவதில்லை. சிசிலியின் விவரங்களை ஆராய்ந்த பலெட்டா, லவெட்ஸி என்போரின் கணிப்பின்படி, மிகச் சிறிய தொழில்களுக்கு இது லாபத்தில் 40 சதவீதம் வரை எட்டுகிறது. பெரிய தொழில்களுக்கோ சுமார் 2 சதவீதத்தோடு நிற்கிறது. நாளைக்குப் பெரிதாக வளரக்கூடிய தொழில் இன்றைக்குச் சிறியதாகவே இருக்க வேண்டும் என்பது இயற்கை; அந்தப் பருவத்திலேயே அதன் லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கைப் பறித்துவிட்டால், யந்திரம் வாங்கவும், வேலையாள் சேர்க்கவும், கடன் அடைக்கவும் அதனிடம் மிஞ்சுவது என்ன?

இரண்டாவது, வளர்ச்சி கண்ணிற்படுவதே ஆபத்தாகிவிடுகிறது. புதிய கிளை திறப்பவனும், கட்டடத்தைப் புதுப்பிப்பவனும் வசூல்காரனின் கவனத்தை ஈர்க்கிறான். ஆகவே, திறமையுள்ள வியாபாரி தன் தொழிலைக் குடும்பத்துக்குள் அடங்கும் அளவிலேயே நிறுத்திக்கொள்கிறான், கணக்கை மறைக்கிறான், கணக்கு மறைந்ததனால் பாங்கிலே கடன் பெறவும் இயலாதவனாகிறான்.

மூன்றாவது, காவலை விற்பவன் போட்டியின்மையையும் சேர்த்தே விற்கிறான். டியேகோ கம்பெட்டா என்னும் சமூகவியல் அறிஞர் 1993-இல் வெளியிட்ட நூலில் விளக்கியபடி, மாஃபியாவை வெறும் கொள்ளைக் கூட்டம் என்று கொள்வது போதாது. ஒருவர்மேல் ஒருவர்க்கு நம்பிக்கையற்ற சமூகத்தில், அந்த அவநம்பிக்கையையே மூலதனமாகக் கொண்டு, பாதுகாப்பை விற்கும் வியாபாரமாக அது இயங்குகிறது. இன்னாரிடமே சிமெண்டு வாங்க வேண்டும், இன்னாருடைய லாரியையே அமர்த்த வேண்டும், இன்னாரை வேலைக்கு வைக்க வேண்டும் என்ற கட்டளைகளுக்கு உட்படுபவனுக்காக, அவனோடு போட்டியிடுபவன் விரட்டப்படுகிறான். நல்ல சரக்கைக் குறைந்த விலைக்குத் தருபவன் ஜயிக்கும் சந்தை, செல்வாக்குள்ளவனை அண்டியவன் ஜயிக்கும் சந்தையாக மாறிவிடுகிறது. வெளியூர் முதலாளி வருவதில்லை. உள்ளூர் இளைஞன் வேலை தேடி வடக்கே போய்விடுகிறான்.

இந்த விஷச் சுழலை எதிர்த்து நின்றவர் லிபெரோ கிராஸி. பலெர்மோவில் நூறு பேர் அளவில் வேலை செய்த ஆடைத் தொழிற்சாலையின் சொந்தக்காரராகிய அவர், 1991-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி உள்ளூர்ப் பத்திரிகையில், பெயர் அறியாத மாமூல்காரனுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, தாம் பணம் தரப்போவதில்லை என்று அறிவித்தார். சக தொழிலதிபர்கள் அவர் பக்கம் நிற்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில், கட்டானியா நகர நீதிபதி ஒருவர், மாமூல் கொடுத்து மாஃபியாவின் பாதுகாப்பைப் பெற்றுக்கொண்ட தொழிலதிபர்கள் அவசியத்தின் காரணமாகவே அவ்வாறு செய்தனரென்று தீர்ப்பளித்தார். ஆகஸ்டு 29-ஆம் தேதி, காலையில் வீட்டைவிட்டு வெளியே வந்த கிராஸி தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைக் கொன்றவை தோட்டாக்கள் என்பது உண்மை. ஆனால் அத்தோட்டாக்களுக்கு வழிவிட்டது அவருடைய தனிமை.

நகராட்சியும் பொதுப் பணமும்

தனியார் முதல் அஞ்சி ஒதுங்கிய பிறகு, ஊரில் பணம் புரளும் வழி சர்க்கார் வேலைகளே ஆகின்றன. ஆகவே அவற்றைப் பங்கிடும் அதிகாரத்தைக் கைப்பற்றுவதே குற்றக் கூட்டத்தின் அடுத்த லட்சியமாகிறது. 1958 முதல் 1963 வரையில் ஸால்வோ லிமா பலெர்மோவின் மேயராகவும், வீட்டோ சான்சிமினோ பொதுப்பணிப் பொறுப்பாளராகவும் இருந்த காலத்தில், வீடு கட்டும் அனுமதிகளில் பெரும்பகுதி, கட்டடத் தொழிலோடு யாதொரு சம்பந்தமுமில்லாத ஒரு சில மனிதர்களின் பெயரிலே வழங்கப்பட்டது. கட்டடக் கலைஞர் எர்னெஸ்டோ பஸிலே கட்டிய டெலியெல்லா மாளிகை 1959 நவம்பரில் இடித்துத் தள்ளப்பட்டது. உலகெங்கும் சரக்கு அனுப்பிய கோன்கா தோரோவின் எலுமிச்சைத் தோட்டங்கள், ஒழுங்கற்ற அடுக்குமாடிக் கட்டடங்களின் அடியில் புதைந்தன. அத்தனை சிமெண்டும் அத்தனை கூலியும் உற்பத்திக் கணக்கிலே வளர்ச்சியாகவே பதிவாகியிருக்கும். நகரமோ வாழத் தகுந்த தன்மையை இழந்தது. சான்சிமினோ பிற்காலத்தில் மாஃபியாத் தொடர்புக்காகத் தண்டனை பெற்றார்.

குற்றக் கூட்டத்தின் பிடியில் சிக்கிய நகர சபைகளைக் கலைத்து, தனி அதிகாரிகளிடம் நிர்வாகத்தை ஒப்படைக்கும் சட்டம் 1991-இல் வந்தது. அது முதல் முந்நூறுக்கு மேற்பட்ட தடவை சபைகள் கலைக்கப்பட்டிருக்கின்றன. இவ்விடத்தில், குற்றத்தை அடக்குவதே வளர்ச்சியைக் கெடுக்கும் என்று வாதிப்பவர்களுக்குத் துணையாகத் தோன்றும் ஓர் ஆராய்ச்சியைக் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது. அக்கோன்சியா, கோர்செட்டி, சிமோனெல்லி என்னும் மூவர் 2014-இல் வெளியிட்ட அந்த ஆராய்ச்சியின்படி, சபை கலைக்கப்பட்டு, சந்தேகத்துக்குரிய ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டபோது, செலவு குறைந்த ஒவ்வொரு யூரோவுக்கும் உள்ளூர் உற்பத்தி சுமார் ஒன்றரை யூரோ அளவில் குறைந்தது. இது உண்மையே. ஆனால் இது காட்டுவது என்ன? வேறு பிழைப்புக்கு வழியற்றுப்போன ஊர், பொதுப் பணத்தை எவ்வளவு தூரம் சார்ந்து நிற்கிறது என்பதையே. வேலை நடக்கும் வரையில் கூலி கிடைக்கிறது. வேலை முடிந்த பிறகு எஞ்சி நின்று, பின்னும் செல்வத்தைப் பெருக்கக்கூடிய சாதனம் எது என்பது வேறு வினா. முன்னது ஓரிரு ஆண்டுகளின் கணக்கு. முப்பது ஆண்டுகளின் கணக்கை முன்னரே கண்டோம். குற்றத்தை அடக்கும்போது அந்த ஊர்களுக்கு நேரும் தற்காலிகக் கஷ்டத்தைத் தணிக்கச் சர்க்கார் கடமைப்பட்டிருக்கிறது என்பதே இதிலிருந்து பெறத்தக்க முடிவாகும்; குற்றத்தை விட்டுவைக்கலாம் என்பதன்று.

பரிகாரம்

பரிகாரத்தின் வரலாறும் தியாகத்தாலேயே எழுதப்பட்டது. குற்றக் கூட்டத்தைச் சேர்ந்திருப்பதையே குற்றமாக்கவும், அக்கூட்டத்தாரின் சொத்தைப் பறிமுதல் செய்யவும் வழி வகுக்கும் மசோதாவைக் கொணர்ந்த பியோ லா தோரே, 1982 ஏப்ரல் 30-இல் கொல்லப்பட்டார். பலெர்மோவுக்கு மத்திய சர்க்காரின் பிரதிநிதியாகிய பிரிபெக்டாக அனுப்பப்பட்ட தளபதி டல்லா கியேஸா செப்டம்பர் 3-இல் கொல்லப்பட்ட பின்னரே, அம்மாதம் 13-ஆம் தேதி அது சட்டமாயிற்று. அச்சட்டத்தின் துணைகொண்டு, 1986-இல் தொடங்கிய மாபெரும் வழக்கில் 475 பேர் விசாரிக்கப்பட்டு, முந்நூறுக்கு மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். அவ்வழக்கை உருவாக்கிய நீதிபதிகள் பல்கோனேயும் போர்செலினோவும் 1992-இல் வெடிகுண்டுக்கு இரையாயினர். பறிமுதலான நிலத்தையும் வீட்டையும் பொதுநலத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்று, பத்து லட்சம் பேர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் பயனாக, 1996-இல் மற்றொரு சட்டம் பிறந்தது. அதன்படி, ஸான் ஜுஸெப்பே யாட்டோ போன்ற ஊர்களில், மாஃபியாத் தலைவர்களின் நிலங்களில் கூட்டுறவுச் சங்கத்தார் கோதுமையும் திராட்சையும் பயிரிடுகின்றனர்.

ஆயினும், வியாபாரிகளின் அச்சத்தைப் போக்கியது சட்டம் மாத்திரமன்று. காப்போ டோர்லாண்டோ என்னும் சிறு கடற்கரை நகரத்தின் கடைக்காரர்கள் 1990 டிசம்பரில் சங்கமாகச் சேர்ந்து, மாமூல்காரர்களின் மேல் கூட்டாகப் புகார் கொடுத்து, நீதிமன்றத்தில் கூட்டாகவே சாட்சி சொன்னார்கள். ஒருவனைக் கொல்லலாம், ஊரையே கொல்ல இயலுமா? கிராஸியின் மரணத்துக்குப் பின், 1991 முடிவதற்குள், மாமூலை எதிர்த்ததனால் நஷ்டமடைந்தவர்களுக்கு ஈடு செய்யும் நிதி ஒன்றைச் சர்க்கார் ஏற்படுத்தியது. 2004-இல் பலெர்மோவின் சில இளைஞர்கள், மாமூல் கொடுக்கும் ஜனங்கள் மானமிழந்த ஜனங்கள் என்ற கருத்தை அச்சிட்ட துண்டுகளை ஓரிரவில் நகரெங்கும் ஒட்டித் தொடங்கிய அடியோபிட்ஸோ இயக்கம், மாமூல் கொடாத கடைகளின் ஜாபிதாவை வெளியிட்டு, அக்கடைகளிலேயே சாமான் வாங்குவதாக ஜனங்களிடம் உறுதிமொழி பெற்றது. நேர்மையானவனுக்கு நஷ்டமே பரிசு என்றிருந்த சந்தையில், நேர்மைக்கு வாடிக்கையாளரைத் தேடிக் கொடுத்த அரும்பணி அது.

இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் ஒன்றே. போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் ஆகும் செலவை வளர்ச்சிக்கு உதவாத வெறுஞ்செலவு என்று கருதி, அணையையும் சாலையையும் மட்டும் அபிவிருத்தித் திட்டமென்று போற்றுகிறவர்கள், அந்தச் சாலையின் ஓரத்தில் துணிந்து கடை திறப்பவன் யாருடைய தைரியத்தில் திறக்கிறான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். விரைவாகவும் பட்சபாதமின்றியும் நியாயம் வழங்கும் நீதிமன்றமும், புகார் கொடுத்தவனின் பெயரைக் காட்டிக்கொடாத காவல் நிலையமும், நீர்ப்பாசனக் கால்வாயைப் போன்றே உற்பத்திச் சாதனங்கள். எந்த ஊரிலாயினும் அதன் பொருளாதார எதிர்காலத்தைச் சோதிக்க விரும்புகிறவர், அங்குள்ள தொழிற்சாலைகளை எண்ணுவதற்கு முன்பாக, மாமூல் தர மறுத்த மிகச் சிறிய வியாபாரியின் பக்கத்தில் மறுநாள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று விசாரிக்கட்டும். அவன் தனியே விடப்படும் ஊரில் எந்தத் திட்டமும் பலிக்காது. அவனோடு சர்க்காரும் சக வியாபாரிகளும் ஜனங்களும் சேர்ந்து நிற்கும் ஊரில், முதல் தானாகவே வந்து சேரும்.